ஆறு சொட்டு

மோட்டார் சைக்கிளின் முன் டிஸ்க் பிரேக்கில் விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கம்பி கிடையாது, சங்கிலி கிடையாது, பல்சக்கரமும் கிடையாது. சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு டீஸ்பூன்கூடத் தேறாத பிரேக் ஆயில் இருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்தச் சொல்லும் கட்டளை முழுவதும் அந்த ஆயில் வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

பத்து, இருபது ஆண்டு ஓடிய வண்டிகளில் இந்தக் கட்டளை மெல்ல மங்கத் தொடங்கும். லிவரைப் பிடித்தால் ஏதோ பஞ்சை அமுக்குவது போலிருக்கும். பேட் மாற்றுவோம், ஆயில் மாற்றுவோம், ஏர் எடுப்போம். கொஞ்சம் தேறும், முழுதாகத் தீராது. அப்போது மெக்கானிக் சொல்வார்: “ரப்பர் ஓஸைக் கழட்டிட்டு ஸ்டீல் பிரெய்டட் லைன் போட்டுருங்க, பிரேக் கும்முனு பிடிக்கும்.” இந்த ஆலோசனையில் உண்மை இருக்கிறது. ஆனால் பலரும் நினைக்கும் உண்மை அல்ல அது. ஸ்டீல் லைன் பிரேக்கின் பலத்தைக் கூட்டுவதில்லை. வேறொன்றைச் செய்கிறது. அது என்ன என்று புரிந்துகொள்ள, திரவங்களின் இயற்பியலும் ரப்பரின் வேதியியலும் கம்பிப் பின்னலின் வடிவியலும் கொஞ்சம் தேவைப்படும்.

பாஸ்கல் சொன்னதும் ஹோண்டா செய்ததும்

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரெஞ்சுக் கணித அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இது. திரவங்களின் சமநிலை பற்றிய அவரது ஆய்வேடு, அவர் இறந்த மறுவருடம் 1663இல் அச்சாகியது. சிறிய பிஸ்டனை அழுத்திப் பெரிய பிஸ்டனில் பல மடங்கு விசை பெறலாம் என்பது இந்த விதியின் நேரடி விளைவு. அதை வைத்து ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் நீரியல் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

இதை வண்டியின் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். தம்பி ஆலனுடன் சேர்ந்து விமானம் கட்டியவர்தான். 1921இல் வந்த டூஸன்பர்க் மாடல் ஏ கார், நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள்கள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் கேபிள் இழுக்கும் டிரம் பிரேக்கிலேயே ஓடின. பெரும் எண்ணிக்கையில் தயாரான மோட்டார் சைக்கிளில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தியது ஹோண்டாவின் சிபி750. 1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டு, 1969இல் சந்தைக்கு வந்த வண்டி அது. 736 சிசி, நான்கு சிலிண்டர், மணிக்கு 200 கி.மீ.யைத் தொடும் வேகம். அத்தகைய வண்டியை நிறுத்த டிரம் போதாது என்று அதன் பொறியாளர்கள் கருதினார்கள்.

காருக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே இருந்தது. மோட்டார் சைக்கிளில் பிரேக் லிவரும் மாஸ்டர் சிலிண்டரும் ஹேண்டில்பாரில் இருக்கின்றன. காலிப்பரோ முன் சக்கரத்தோடு ஃபோர்க்கின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும். உறுதியான இரும்புக் குழாயை மேலிருந்து கீழ் வரை போட்டால் சில நாளில் முறிந்துவிடும். ஆகவே வழியில் எங்காவது வளையும் குழாய் இருந்தே தீர வேண்டும். சிபி750இல் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு ரப்பர் ஓஸ் இறங்கி, ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியருகே உள்ள மும்முனை இணைப்பில் முடியும். அங்கிருந்து இன்னொரு ரப்பர் ஓஸ். அதன் முனையிலிருந்து காலிப்பர் வரை ஒரு சிறு எஃகுக் குழாய். அசையும் இடத்தில் ரப்பர், அசையாத இடத்தில் எஃகு.

இந்த அமைப்புக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. குழாய் வளைய வேண்டும், ஆனால் வீங்கக் கூடாது. வளைவதற்கு ஏற்ற பொருள்கள் எல்லாம் வீங்குவதற்கும் ஏற்றவை. பிரேக் லைனின் வரலாறு முழுவதும் இந்த முரணோடு நடக்கும் பேரம்தான்.

விரலில் தொடங்கும் கணக்கு

எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் நுட்பம் புரியும். ஒரு டிஸ்க், இரண்டு பிஸ்டன் காலிப்பர் கொண்ட நடுத்தர வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் விட்டம் 14 மி.மீ. அதன் பரப்பு 1.54 சதுர செ.மீ. லிவர் விரலின் விசையை ஆறு மடங்காக்கித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். விரல்களால் 10 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால், பிஸ்டனை 60 கிலோ தள்ளும். ஆயிலின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்கு 39 கிலோ. டயரில் நாம் அடிக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு.

காலிப்பரில் 27 மி.மீ. விட்டத்தில் இரண்டு பிஸ்டன்கள். மொத்தப் பரப்பு 11.45 சதுர செ.மீ. 39ஆல் பெருக்கினால் 446 கிலோ. இரண்டு விரலால் லேசாக இழுத்ததற்கு அரை டன்னை நெருங்கும் விசை பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. பாஸ்கலின் விதி தரும் கொடை இது.

ஆனால் இயற்கை விசையை இனாமாகத் தருவதில்லை. விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, நகரும் தூரம் அத்தனை மடங்கு குறையும். லிவரின் நுனி 30 மி.மீ. நகர்ந்தால் மாஸ்டர் பிஸ்டன் 5 மி.மீ.தான் நகரும். அது கீழே தள்ளும் ஆயில் 0.77 மி.லி. ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை! சொட்டுக் கணக்கில் பதினைந்து சொட்டு. லிவரின் முழு உழைப்பும் இந்தப் பதினைந்து சொட்டை நகர்த்துவதுதான்.

பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. அதை 0.1 மி.மீ. என்று கொண்டால், அதை மூட 0.11 மி.லி. ஆயில், இரண்டு சொட்டுக்குச் சற்று மேல், போதும். மீதம் எங்கே போகிறது? காலிப்பர் சற்றே விரியும், பேட் சற்றே நசுங்கும், ஆயிலும் துளியளவு சுருங்கும். பழைய வண்டியில் இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பங்கை விழுங்குவது குழாயின் சுவர்.

அழுத்தத்தில் ரப்பர் ஓஸ் வீங்கி 0.3 மி.லி. ஆயிலை, அதாவது ஆறு சொட்டை, தன்னுள் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஈடுகட்ட மாஸ்டர் பிஸ்டன் இன்னும் 2 மி.மீ. நகர வேண்டும். லிவரின் நுனியில் அது 12 மி.மீ. ஆகிவிடும். ஒரு விரலின் பருமன் அளவுக்கு லிவர் ஹேண்டில்பாரை நோக்கி நெருங்கிவிடுகிறது.

இந்த ஆறு சொட்டுக்காக ஓஸ் எவ்வளவு பருக்க வேண்டும்? உள்விட்டம் 3.2 மி.மீ., நீளம் ஒரு மீட்டர் என்றால் அதன் கொள்ளளவு 8 மி.லி. அதில் 0.3 மி.லி. கூடுவதற்கு உள்விட்டம் 0.06 மி.மீ. பெருத்தால் போதும். அது தலைமுடி ஒன்றின் பருமன். கண்ணால் பார்த்தாலும் தெரியாது, விரலால் தொட்டாலும் தெரியாது. ஆனால் லிவரைப் பிடிக்கும் விரலுக்கு 12 மி.மீ.யாகத் தெரிகிறது. விசையைப் பெருக்கும் அதே ஏற்பாடு, குழாயின் பலவீனத்தையும் பெருக்கிக் காட்டிவிடுகிறது.

வலிமை வேறு, விறைப்பு வேறு

ரப்பர் ஓஸ் பலமற்றது, அதனால்தான் ஸ்டீல் போடுகிறோம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது சரியல்ல. பிரேக் ஓஸ்களுக்கு அமெரிக்க மத்திய அரசு வைத்திருக்கும் பாதுகாப்புத் தரம் எஃப்எம்விஎஸ்எஸ் 106. அதன்படி எட்டில் ஒரு அங்குல உள்விட்டமுள்ள ஓஸ் 7,000 பிஎஸ்ஐ அழுத்தம் வரை வெடிக்கக் கூடாது. நம் கணக்கில் வந்த 39 கிலோவைப் போல அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். சுழன்று ஆடும் பொறியில் ஓஸை மாட்டி 35 மணி நேரம் விடாமல் ஆட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஒழுங்காகச் செய்யப்பட்ட புதிய ரப்பர் ஓஸ் வலிமையில் குறைந்ததல்ல.

அதே தரம் வீக்கத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறது. 1,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில், ஓர் அடி நீளமுள்ள அந்த அளவு ஓஸ் 0.66 மி.லி.க்கு மேல் வீங்கக் கூடாது. குறைந்த வீக்க வகை என்றால் 0.33 மி.லி. நம் வண்டியில் ஆறு சொட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துவிட்டோம். அடிக்கு 0.66 மி.லி. என்ற அனுமதியை இப்போது பார்த்தால், தரத்துக்கு உட்பட்ட ஓஸ்கூட லிவரில் எவ்வளவு தளர்ச்சியைத் தர முடியும் என்பது விளங்கும்.

வெடிக்காமல் தாங்குவது வலிமை. தாங்கும்போது உருமாறாமல் இருப்பது விறைப்பு. ஒரு பொருளுக்கு முதலாவது நிறைய இருந்து, இரண்டாவது குறைவாக இருக்கலாம். ரப்பர் அப்படிப்பட்டது. ஸ்டீல் பிரெய்டட் லைனின் ஆதாயம் முழுக்க முழுக்க இரண்டாவதில் இருக்கிறது.

வீங்கும் ஓஸ் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறதா? இல்லை. லிவர் ஹேண்டில்பாரைத் தொடாத வரை, பத்து கிலோ விசைக்கு அதே 39 கிலோ அழுத்தம் காலிப்பரை எட்டியே தீரும். பாஸ்கலின் விதி குழாயின் பொருளைக் கேட்பதில்லை. ஓஸ் பறித்துக்கொள்வது விசையை அல்ல, தூரத்தை. ஸ்டீல் லைன் போட்டதால் பிரேக்கின் உச்சபட்ச விசை கூடிவிடாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான்.

ரப்பர் மூப்படையும் விதம்

அப்படியானால் பழைய வண்டியில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? ரப்பருக்கு வயதாகிறது. காற்றில் மிகச் சிறு அளவில் கலந்திருக்கும் ஓசோன், ரப்பர் மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அறுக்கும். இழுபட்டு வளைந்திருக்கும் இடத்தில் இந்தத் தாக்குதல் வேகமாக நடக்கும். ஓஸ் வளையும் இடங்களில், குறிப்பாக உலோக முனைக்கு அருகே, குறுக்காக ஓடும் மெல்லிய கீறல்கள் அதன் அடையாளம். ஓசோனைத் தாங்கும் ரப்பர் வகைகள் இன்று பயன்பட்டாலும், வெயிலும் வெப்பமும் ஆக்சிஜனும் மேலுறையைக் கெட்டியாக்கத்தான் செய்யும். உள்ளே சுற்றியிருக்கும் இழைப் பின்னலும் லட்சக்கணக்கான முறை இழுபட்டுத் தளர்ந்துபோகும்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. ரப்பர் வழியாக நீராவி மெல்ல ஊடுருவும். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில்கள் கிளைக்கால் ஈதர் சேர்ந்தவை. அவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது தரம். அதில் 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில், 155 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது காலிப்பர் சூடேறி, ஈரம் கலந்த ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உருவாகும். ஆயிலைப் போலன்றி ஆவி சுருங்கக் கூடியது. லிவர் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும்.

மூன்றாவது சேதம்தான் மிகவும் ஏமாற்றக் கூடியது. ஓஸின் உட்சுவர் உப்பி வழியை அடைத்துக்கொள்ளும், அல்லது உரிந்து தோலாகத் தொங்கும். லிவரை அழுத்தும்போது பெரும் அழுத்தம் அந்த அடைப்பைத் தள்ளிக்கொண்டு ஆயிலைக் கீழே அனுப்பிவிடும். விட்டதும் திரும்பி வரப் போதிய அழுத்தம் இருக்காது. காலிப்பர் பிஸ்டனைப் பின்னிழுப்பது ஒரு சிறிய ரப்பர் சீலின் மீள்திறன் மட்டுமே. ஆகவே பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். டிஸ்க் சுடும், மைலேஜ் குறையும், காலிப்பர்தான் சிக்கிக்கொண்டது என்று அதைப் பிரித்துக்கொண்டிருப்போம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கைப் பிடித்து விட வேண்டும். சக்கரம் சுழல மறுத்தால், காலிப்பரில் உள்ள ஏர் எடுக்கும் நிப்பிளை லேசாகத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டு, சக்கரமும் விடுபட்டால் காலிப்பர் மேல் குற்றமில்லை. அழுத்தம் மேலே எங்கோ சிறைப்பட்டிருக்கிறது. மறுபடி பிரேக்கைப் பிடித்து விட்டு, இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் ஓஸ் சேரும் போல்ட்டை, சுற்றிலும் துணி வைத்துத் தளர்த்த வேண்டும். சக்கரம் இப்போது விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். அப்போதும் விடுபடாமல், கீழே நிப்பிளைத் திறந்தால் மட்டும் விடுபட்டால் கோளாறு ஓஸுக்குள்ளே. இரண்டு ஸ்பேனர், பத்து நிமிடம், பாஸ்கலின் விதி. இவ்வளவுதான் தேவை.

யமஹாவின் பல கையேடுகள் பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிரேக் ஓஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. இந்தியச் சாலைகளில் டிஸ்க் பிரேக்கைப் பரவலாக்கிய சிபிஇசட் 1999இலும், பல்சர் 2001இலும், கரிஸ்மா 2003இலும் வந்தவை. அந்த நாள் வண்டி இன்னும் தொழிற்சாலையில் மாட்டிய ஓஸோடு ஓடுகிறது என்றால், அந்த ரப்பர் தன் ஆயுளைப் பல முறை தாண்டிவிட்டது.

டெஃப்லானும் 54.7 டிகிரியும்

மாற்று லைனின் உள்ளே இருப்பது ரப்பர் அல்ல, பிடிஎஃப்இ என்னும் பிளாஸ்டிக். டெஃப்லான் என்ற வணிகப் பெயரில் எல்லாருக்கும் தெரிந்த பொருள். 1938 ஏப்ரல் 6 அன்று, நியூ ஜெர்சியில் இருந்த டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். டெட்ராஃப்ளூரோ எத்திலீன் நிரப்பிய சிலிண்டர் ஒன்றைத் திறந்தபோது வாயு வரவில்லை. எடையோ குறையவில்லை. சிலிண்டரை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகு போன்ற வெள்ளைத் தூள். வாயு மூலக்கூறுகள் தாமாகவே சங்கிலியாகக் கோத்துக்கொண்டிருந்தன.

கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃப்ளூரின் அணுக்கள் கவசமாக நிற்பதால் அந்தத் தூளை அமிலமோ காரமோ கரைப்பானோ அண்ட முடியவில்லை. அணுகுண்டுத் திட்டத்தில், எதையும் அரிக்கும் யுரேனியம் ஹெக்சாஃப்ளூரைடைக் கையாள இந்தப் பொருள்தான் உதவியது. பிரேக் ஆயில் அதை ஊறவைக்காது. ஓசோன் அதில் கீறல் விழவைக்காது. 260 டிகிரி வரை அது தாக்குப்பிடிக்கும். ரப்பரைவிடப் பல மடங்கு விறைப்பானது.

ஆனாலும் மெல்லிய பிடிஎஃப்இ குழாய் மட்டும் இருந்தால் அழுத்தத்தில் நாளடைவில் விரிந்துகொடுத்துவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது மேலே போர்த்திய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னல். இங்கே ஓர் அழகான வடிவியல் இருக்கிறது.

மூடிய உருளைக்குள் அழுத்தம் ஏறினால் இரண்டு விதமான இழுவிசை சுவரில் எழும். ஒன்று உருளையைப் பருக்கவைப்பது, மற்றொன்று நீளவைப்பது. முதலாவது எப்போதும் இரண்டாவதைப் போல இரு மடங்கு. கம்பிகளைக் குழாயின் நீளப்போக்கில் போட்டால் பருப்பதைத் தடுக்க முடியாது. வளையம் வளையமாகச் சுற்றினால் நீள்வதைத் தடுக்க முடியாது. சாய்வாகப் பின்னினால் இரண்டையும் தடுக்கலாம். எந்தச் சாய்வில்? இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைச் சமன்செய்யும் கோணம் ஒன்றே ஒன்றுதான்: குழாயின் அச்சுக்கு 54.7 டிகிரி. அந்தக் கோணத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் கம்பிகள் தம் சாய்வை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. குழாய் பருக்காது, சுருங்காது, நீளாது. அழுத்தம் தாங்கும் குழாய்களின் பின்னலை இந்தக் கோணத்தை ஒட்டியே அமைக்கிறார்கள்.

கோணம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு மனதைத் தொடும் சான்று ஒன்று உண்டு. 1950களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிபன், போலியோவால் கை செயலிழந்த தன் மகளுக்காகச் செயற்கைத் தசை ஒன்றை உருவாக்கினார். ரப்பர்க் குழாய் மேல் சாய்வான இழைப் பின்னல், கோணம் மட்டும் 54.7ஐவிடக் குறைவு. காற்றை ஏற்றினால் குழாய் பருத்து, நீளம் சுருங்கி, தசையைப் போல இழுக்கும். கம்பியின் சாய்வு சில டிகிரி மாறினால் ஒரே பின்னல் தசையாகிறது. சரியான சாய்வில் நின்றால் அசைவற்ற பிரேக் லைனாகிறது. வளைய வேண்டும், வீங்கக் கூடாது என்ற முரணுக்கு இதுதான் விடை. கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கிக் குழாயை வளையவிடுகின்றன. உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு மட்டும் அவை இடம் கொடுப்பதில்லை.

மாற்றும் வேலை

பழைய வண்டிக்கு லைன் வாங்குமுன் அளவெடுப்பது முதல் வேலை. முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முழுதாக நீளவிட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். அந்த நிலையிலும் லைன் இழுபடக் கூடாது. ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது டயரிலோ மட்கார்டிலோ உரசவும் கூடாது. ரப்பர் ஓஸ் கொஞ்சம் இழுபட்டால் மன்னிக்கும். பிடிஎஃப்இ மன்னிக்காது. ஒருமுறை ஒடிந்து மடங்கினால் அந்த மடிப்பு நிரந்தரம். நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்று நினைக்கவே கூடாது, அந்த லைனைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பின்னலுக்கு மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை போட்ட லைனே நல்லது. உறையில்லாத எஃகுப் பின்னல் அரம் போல வேலை செய்யும். உரசும் இடத்தில் பெயின்டை, பிறகு அலுமினியத்தையே அறுத்துவிடும். பின்னல் இடுக்கில் புகும் மணல் உள்ளே இருக்கும் பிடிஎஃப்இயையும் தேய்க்கும். மேலே கம்பி தெரிகிறது என்பதாலேயே ஒரு லைன் நல்லதாகிவிடாது. தரக் குறியீடும் தயாரித்த தேதியும் இருக்கிறதா, முனைகள் பொறியில் நசுக்கிப் பொருத்தப்பட்டவையா என்று பார்த்து வாங்க வேண்டும். பிரேக்கில் விலையை மட்டும் பார்த்து வாங்கும் எதுவும் மிச்சமாகாது.

லைனின் முனைகளைப் பிடிப்பது துளையுள்ள பேஞ்சோ போல்ட். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட், மரை இடைவெளி 1.25 மி.மீ. பல ஐரோப்பிய பாகங்களில் அதே 10 மி.மீ., ஆனால் இடைவெளி 1.0. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். தவறான போல்ட்டை முறுக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் அலுமினிய மரை போய்விடும். கையால் சில சுற்று எளிதாகச் சுழலாத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடவே கூடாது.

போல்ட்டின் இரு பக்கமும் வரும் காப்பர் வாஷர் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்க வேண்டும். மென்மையான செம்பு நசுங்கி மேடுபள்ளங்களை நிரப்புவதால்தான் ஆயில் கசிவதில்லை. ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும், இரண்டாம் முறை அந்த வேலையைச் செய்யாது. எவ்வளவு முறுக்குவது என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்க வேண்டும். பல வண்டிகளில் அது 30 நியூட்டன் மீட்டரை ஒட்டியிருக்கும்.

சிபி750 போன்ற வண்டியில் இன்னொரு கவனம் தேவை. மேலிருந்து கீழ் வரை ஒரே லைன் போட்டால் நடுவிலிருந்த மும்முனை இணைப்பு போய்விடும். முன் பிரேக்கின் விளக்கு சுவிட்ச் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. அதை மறந்தால் பிரேக் பிடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. அழுத்தத்தால் இயங்கும் சுவிட்ச் பொருத்திய பேஞ்சோ போல்ட்டை மாஸ்டர் சிலிண்டரில் போட்டு இதைச் சரிசெய்வார்கள்.

கடைசி வேலை ஏர் எடுப்பது. இதில் அவசரம் காட்டினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். ஏன் என்பதை நம் கணக்கே சொல்லும். 0.3 மி.லி. காற்றுக் குமிழ் ஒன்று உள்ளே தங்கிவிட்டால், நாற்பது மடங்கு அழுத்தத்தில் அது நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். ஏறக்குறைய 0.29 மி.லி. காணாமல் போகும். ரப்பர் ஓஸின் வீக்கம் விழுங்கிய அதே ஆறு சொட்டு! விலை கொடுத்து வாங்கிய லைனின் ஆதாயம் முழுவதையும் ஒரு குமிழ் தின்றுவிடும். காற்று மேல்நோக்கிப் போகும் இயல்புடையது என்பதால், காலிப்பர் நிப்பிளிலிருந்து ஊசிக்குழல் மூலம் ஆயிலை மேலே தள்ளி நிரப்புவது காலி லைனுக்கு நல்ல வழி. அதன் பிறகு வழக்கம் போல லிவரைப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, பிறகு லிவரை விட வேண்டும். மேலே ஆயில் டப்பா ஒருபோதும் வற்றக் கூடாது. புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து, அந்த டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் வகை ஆயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். டாட் 5.1 கிளைக்கால் வகை, டாட் 5 சிலிக்கோன் வகை. எண்கள் நெருங்கியவை என்று இவற்றைக் கலந்துவிடக் கூடாது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

எது கூடும், எது கூடாது

மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். காய்ந்த சாலையில் டயரின் உராய்வுக் கெழு 0.8 என்று கொண்டால், பிரேக் முழுதாகப் பிடித்தபின் வண்டி நிற்க 17.7 மீட்டர் வேண்டும். இந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது டயரும் சாலையும். எந்த லைன் போட்டாலும் இது மாறாது.

மாறுவது வேறு. அவசரமாகப் பிடிக்கும்போது எடையின் பெரும் பங்கு முன்னே சாய்கிறது. முன் டயர் வழுக்கத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னால் அழுத்தத்தை நிறுத்துவதுதான் நல்ல ஓட்டுநரின் திறமை. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியில் அந்த எல்லையைக் காக்க விரலைத் தவிர வேறு காவல் இல்லை. ரப்பர் வீங்கி வாங்கிக்கொள்ளும்போது, லிவரின் நகர்வில் எது பேடுக்குப் போனது, எது ஓஸுக்குப் போனது என்று விரலுக்குத் தெரியாது. விறைப்பான லைனில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் காலிப்பருக்கே போகிறது. விரல் கேட்டது சக்கரத்துக்குப் போகிறது, சக்கரத்தின் பதில் விரலுக்குத் திரும்பி வருகிறது. லிவர் நகரும் தூரம் குறைவதால் கொஞ்சம் நேரமும் மிச்சமாகும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு மிச்சமானாலும் 60 கி.மீ. வேகத்தில் அது 83 செ.மீ.

புதிய ரப்பர் ஓஸ் போட்டாலே பழைய ஓஸோடு ஒப்பிட இந்த ஆதாயத்தில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். பணம் குறைவாக இருப்பவர் அதைத் தயங்காமல் செய்யலாம். ஸ்டீல் லைன் அதற்கும் மேலான விறைப்பையும், நீராவி எளிதில் ஊடுருவாத சுவரையும், நீண்ட ஆயுளையும் தருகிறது. அதற்காக அது சாகாவரம் பெற்றதல்ல. அதன் முனைகளையும் உறையையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஆயிலை மாற்றி ஏர் எடுங்கள். லிவர் தேறாவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் டார்ச் அடித்து ஓஸை மேலிருந்து கீழ் வரை பார்க்கட்டும். கீறல், ஈரம், புடைப்பு எது தெரிந்தாலும் மாற்றுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் அதன் மேல் அச்சான தேதியைப் படியுங்கள். தலைமுடி அளவு வீக்கத்தைக் கண் காட்டாது, தேதி காட்டிவிடும். மாற்றியபின் லிவரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஓர் இரவு விட்டு, காலையில் எல்லா இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்திருந்தால், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்துப் பார்த்து, அதன் பிறகே சாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.